கடைசியில் போடும் சுவிட்ச்

சுவிட்சைப் போட்டதும் அந்தப் பெட்டியில் இருக்கிற கட்டைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி மேலே போய் முட்டும். பிறகு ஒன்றாகவே கீழே இறங்கி உட்காரும். யாரும் தொட வேண்டியதில்லை. உள்ளே சின்னச் சின்ன மோட்டார் இருக்கிறதாம். முதல் முறை பார்த்தபோது பயந்துபோய் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். இப்போது இந்த வீட்டில் நான் நகர்த்தாமல் தானாக நகர்கிற பொருள் அது ஒன்றுதான். மின்விசிறியைச் சொல்லலாம். ஆனால் மின்விசிறி என்னைப் பார்த்து எழுந்து நிற்பதில்லை.

பெட்டி என் தங்கையுடையது. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி அவர் சீக்கிரமே போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான். நான் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தேன். மூன்றாம் வகுப்போடு நான் நின்றேன். அவள் நிற்காமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். தமிழை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிப்பேன். எழுதுவதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். இங்கிலீஷில் நம்பர் மட்டும் தெரியும். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. ஒரு ஹாஸ்டல் முழுவதற்கும் உப்பு கூடாமல் குறையாமல் சாம்பார் வைத்தவள் நான். அதைப் படித்தவர்களை வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஊரடங்கு நாளில் கோயிலைப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் இருந்தே பாட்டுப் பாடி அனுப்புங்கள், ஆன்லைன் ஆராதனையில் போடுகிறோம் என்று ஆயர் சொன்னார். நாங்கள் செல்போனில் பாடி அனுப்பினோம். நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னதும் தங்கைக்கு ஆசை பிடித்துக்கொண்டது. செம்பாக்கம் வீட்டின் பின்னறையில் இருந்த பழைய பீரோவை வெளியே தள்ளிவிட்டு, கம்ப்யூட்டர், இரண்டு மைக், இந்தப் பெட்டி எல்லாம் வாங்கி வைத்தாள். சத்தம் எதிரொலிக்கக் கூடாது என்று சுவரில் என் கல்யாண ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டாள். தொங்கவிடட்டுமே. அது தரையில் கிடந்து யாருக்கு என்ன லாபம்?

பெட்டியின் வேலை எனக்குப் புரிந்த வரையில் இதுதான். கம்ப்யூட்டர், பாட்டை ஒன்றாகக் கலந்து வைப்பதில்லை. என் குரல் தனியாக, அவள் குரல் தனியாக, ஆர்மோனியம் தனியாக, தாளம் தனியாக, அடுக்கு அடுக்காக வைத்திருக்கும். எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதற்குத்தான் கட்டைகள். மேலே தள்ளினால் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். இங்கே தள்ளினால் கம்ப்யூட்டர் திரையில் இருக்கிற படத்திலும் அதே கட்டை நகரும். மவுஸை வைத்தும் இதைச் செய்யலாம். ஆனால் எனக்குக் கை நடுங்கும். நான் மவுஸைத் தொட்டால் அந்த அம்பு ஏரிக்கரை வரைக்கும் ஓடிவிட்டுத்தான் நிற்கும். எனக்காகத்தான் இந்தப் பெட்டி என்று தங்கை சொன்னாள். பிளாஸ்திரியை வெட்டி ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒட்டி எழுதினாள். அக்காவுக்கு ‘அ’. தங்கைக்கு ‘த’. வாத்தியத்துக்கு ‘வா’. தாளத்துக்கு ‘தா’. பாட்டை ஓட்டுவதற்கும் நிறுத்துவதற்கும் அதிலேயே பொத்தான் இருந்தது. அதற்குப் பச்சை நூலும் சிவப்பு நூலும் ஒட்டிக் கொடுத்தாள்.

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். நான் மைக் முன்னால், சுவரைப் பார்த்து. தாம்பரம் விமானத் திடலில் இருந்து பயிற்சி விமானம் எங்கள் மொட்டைமாடியை உரசுகிற மாதிரி போகும். சத்தம் தூரத்தில் கேட்கும்போதே தங்கை விரலைத் தூக்கிவிடுவாள். பாதி வரியில் வாயை மூடிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். போனதும் விரலை இறக்குவாள். விட்ட இடத்தில் இருந்து பாட்டு. அடுத்தது கிளம்பும். ஒரு பாட்டுக்கு ஒரு மத்தியானம் போய்விடும். போகட்டுமே, எங்களுக்கு வேறு என்ன வேலை?

அறுவடைக்கு நன்றி சொல்லிக் கோயிலில் கொண்டாடுகிற அறுப்பின் பண்டிகைக்கு என்று தங்கையே வார்த்தை கட்டி, தானே மெட்டும் போட்டு ஒரு பாட்டு செய்திருந்தாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாட்டு. இருவரும் பாடினோம். அவள் அதைச் சேர்த்துக் கலந்து கோயில் அம்மா ஒருவருக்குக் கேட்கக் கொடுத்தாள். கோயிலை மறுபடி திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர் வாய்ஸ் கணீர்னு இருக்குங்க. நீங்களும் பாடினீங்களா என்ன?” என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“என் குரல எங்கடி வெச்ச?”

“எங்கயும் வெக்கலயே. உள்ளதான் இருக்கு.”

“உள்ள கீதுன்னா வெளிய கேக்கணும் இல்ல?”

தங்கை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களிடம் பேசுவதற்கு முன்னால் அப்படித்தான் செய்வாள் போலிருக்கிறது. “அக்கா, மேல போறப்ப உனக்குக் குரல் கீறுது. அது தெரிய வேணாம்னுதான் கொஞ்சம் இறக்கினேன். உன் நல்லதுக்குத்தான்.”

“கீறுதா? ஹாஸ்டல்ல அத்தினி புள்ளைங்களுக்கு சாப்பாட்டு மணி இருந்துச்சு. என் குரலே போதும்னு அந்த மணியவே கழட்டிட்டாங்க, தெரியுமா உனக்கு?”

“அது சாப்பாட்டுக்குக் கூப்டற குரல் அக்கா. இது பாட்டு.”

அன்று ராத்திரியும் வழக்கம்போல் சாப்பிட்டோம், ஜெபம் பண்ணினோம், விளக்கை அணைத்துப் படுத்தோம். மறுநாளும் அப்படித்தான். பின்னறைக்கு மட்டும் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தம்பி மகன் கூடுவாஞ்சேரியில் இருந்து போன் பண்ணினான். அவன் மனைவி திரும்ப வேலைக்குப் போக வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றான். “கொஞ்ச நாள் போய்ப் பாத்துட்டு வந்துடறேன் அக்கா,” என்று தங்கை கிளம்பினாள். ஒரே ஒரு பை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டுகிற புடவைகளை எல்லாம் வைத்துவிட்டுத்தான் போனாள். அதனால் சீக்கிரம் திரும்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். தாம்பரத்தில் ரயில் ஏறினால் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் தீருவதற்குள் இறங்குகிற தூரம்தான் கூடுவாஞ்சேரி. ஆனால் குழந்தைக்குப் பல் முளைத்தது, தவழ்ந்தது, நடந்தது. அவள் அங்கேயே இருந்தாள். சாயங்காலம் தவறாமல் போன் வரும்.

“சாப்டியா அக்கா?”

“சாப்டேன். நீ?”

“ஆச்சு. குழந்தை அழுது, வெச்சிடறேன்.”

அவ்வளவுதான் பேச்சு. சின்னப் பாத்திரத்தில் சமைத்து என் கைக்குப் பழக்கம் இல்லை. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் இரண்டு பேருக்கு வந்துவிடும். மீதியை மத்தியானம் நானே சாப்பிடுவேன்.

இப்படி இருக்கும்போது கோயில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர் அம்மா வீட்டுக்கு வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை, போன வருஷம் போடாமல் விட்ட உங்கள் பாட்டைக் காணிக்கை எடுக்கிற நேரத்தில் போட வேண்டும் என்றார்.

“ஆனா டீச்சர் ஊர்ல இல்லையே. அவங்க வந்துதானே எடுத்துக் குடுக்கணும்?”

“ஏன், மிஷினு என் வூட்லதானே கீது? நான் எடுத்து வெக்கறேன்.”

“உங்களுக்கு அதெல்லாம் வருமா?”

“வராமதான் சொல்றனா?”

கோயில் விசேஷங்களுக்கு எல்லாம் ஒலிபெருக்கி வைக்கிற மைக் செட்காரர் சனிக்கிழமை வந்து பாட்டைக் காப்பி எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதற்குள் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ‘அ’ கட்டையை மேலே தள்ள வேண்டும். சபை முழுவதும் உட்கார்ந்து கேட்கும்போது நானும் பாடினேன் என்று தெரிய வேண்டும். மைக் செட்காரரிடம் சொன்னால் ஒரு நொடியில் தள்ளிவிடுவார். ஆனால் என் குரலைக் கூட்டி வையுங்கள் என்று இன்னொருவரிடம் வாய்விட்டுக் கேட்பதா? அது என்னால் ஆகாது. அவர் வருவதற்குள் என் கையால் செய்துவிட வேண்டும்.

பின்னறைக் கதவைத் திறந்து, தூசி தட்டி, உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். தங்கை திரையில் ஒரு நெற்கதிர் படம் வைத்திருந்தாள். அதன் மேல் இரண்டு கையாலும் மவுஸைப் பிடித்து அழுத்தினேன். பாட்டு திறந்தது. கடைசியாகப் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். கட்டைகள் எழுந்தன, இறங்கின. ‘அ’ கட்டையை மேலே தள்ளினேன். திரையில் இருக்கிற இங்கிலீஷில் எது என் கட்டை என்று தெரியாது, ஆனால் எதுவும் அசையவில்லை. பச்சை நூல் பொத்தானை அழுத்தினேன். பாட்டு வரவில்லை. பெட்டிக்கு விளக்கு எரிகிறது, கட்டை நகர்கிறது, ஆனால் கம்ப்யூட்டர் அதை யாரென்றே தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

மெல்லிய மல் துணியால் துடைத்தேன். ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். அந்த ஓட்டை சரியில்லையோ என்று பக்கத்து ஓட்டையில் சொருகினேன். டொய்ங் என்று ஒரு சத்தம் வந்தது. சந்தோஷப்பட்டேன். சத்தம் வந்ததோடு சரி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி முதலில் இருந்து போட்டேன், கம்ப்யூட்டர், நெற்கதிர், பெட்டி. கட்டைகள் எழுந்து இறங்கின. மறுபடியும் ஒன்றுமில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் பெட்டியை ஒரு துண்டில் சுற்றி, அரிசிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் மைக் செட்காரர் கடைக்கே போனேன். குரல் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. பெட்டி வேலை செய்யவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைவிட ஒரு பத்துப் பதினைந்து வயது சின்னவர். தலையெல்லாம் நரைத்துவிட்டது. துண்டை விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னாம்மா, இந்த வயசுல இதெல்லாம் வெச்சிகினு கீறீங்க?”

“இந்த வயசுலதான்பா நேரம் கீது. பாத்துச் சொல்லு.”

அவர் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தார். கட்டைகள் அவருடைய மேஜை மேலும் எழுந்து நின்று இறங்கின. யாருக்கு வேண்டுமானாலும் எழுந்து நிற்கும் போலிருக்கிறது. எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது. பிறகு ஒயரைத் தன் லேப்டாப்பில் சொருகி, ஏதோ ஒன்றைத் திறந்து, ஒரு கட்டையைத் தள்ளினார். திரையில் கட்டை சமர்த்தாக ஏறியது. இன்னொன்றை இழுத்தார், இறங்கியது.

“பொட்டி ஷோக்காத்தாம்மா கீது. இதுல ஒரு பேஜாரும் இல்ல. பேஜாரு உங்க வூட்லதான்.”

“என் வூட்ல இன்னா பேஜாரு?”

“அத இங்க குந்திகினு எப்டிம்மா சொல்றது? பந்தல் வேல தலைக்கு மேல கீது. சனிக்கெழம வரசொல்லோ பாக்கறேன்.”

சனிக்கிழமை பார்த்தால் எனக்கு எதற்கு? பெட்டியை மறுபடி துண்டில் சுற்றினேன். வழி முழுவதும் அவர் சொன்னதுதான் காதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை. சாயங்காலம் வரைக்கும் காத்திராமல், முதல் தடவையாக நானே கூடுவாஞ்சேரிக்குப் போன் போட்டேன். தங்கை பதறிப்போய் எடுத்தாள்.

“என்னக்கா? உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. சும்மாதான். குழந்தை எப்டி கீது?”

“இப்பதான் தூங்குது. என்ன விஷயம், சொல்லு.”

“மழ வர மாரி கீது இங்க.”

“இங்கயும்தான். அக்கா, மழைய சொல்லவா போன் பண்ண?”

நான் பெட்டியின் ஒயரைத் தடவிக்கொண்டிருந்தேன். அவளும் வைக்கவில்லை. வகுப்பில் விடை தெரியாத பிள்ளையை எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்க வைத்துக் காத்திருப்பவள்.

“அந்தப் பொட்டி வேல செய்யல. தள்ளினா அங்க நவுற மாட்டுது.”

பெட்டியைத் தொட்டேன் என்றதும் ஏதாவது கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. ஆர்மோனியத்தில் சுதி பார்க்கிற மாதிரி நிதானமாக ஆரம்பித்தாள்.

“விளக்கு எரியுதா?”

“எரியுது.”

“ஒயர் எந்த ஓட்டையில இருக்கு?”

“பக்கத்து ஓட்டைக்கு மாத்திப் பாத்தேன்.”

“ஐயோ, ஏன் மாத்தின? முன்ன எங்க இருந்துச்சோ அங்கயே போடு. இடம் மாறினா அதுக்கு அடையாளம் தெரியாது அக்கா.”

நான் ஒயரைப் பிடுங்கிப் பழைய ஓட்டையில் சொருகினேன்.

“சரி. இப்ப சொல்லு, எத முதல்ல போடற, எத கடைசியா போடற?”

“முதல்ல கம்ப்யூட்டர். அப்பறம் பாட்டத் தொறக்கறேன். கடைசியா பொட்டி.”

“கடைசியாவா?”

“ஆமா. எல்லாம் எடுத்து வெச்சிட்டுத்தானே அடுப்பு பத்த வெப்பாங்க? காய் நறுக்கறதுக்கு முன்னயே பத்த வெச்சா கேஸ் யாரு வூட்டு காசு?”

மறுபக்கத்தில் சிரிப்புச் சத்தம். குழந்தை எழுந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள் என்று தெரிந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு நாளாகிவிட்டது.

“அடுப்பு இல்லக்கா இது. பாட்டத் தொறக்கறப்பவே, யாரெல்லாம் வந்திருக்காங்கன்னு அது ஒரு தடவ பாத்துக்கும். அட்டெண்டன்ஸ் மாதிரி. அப்ப பெட்டி தூங்கிட்டு இருந்தா, ஆள் வரலன்னு விட்டுடும். அப்பறம் நீ தலைகீழா நின்னாலும் சேத்துக்காது. பெட்டிதான் முதல்ல. புரியுதா?”

“ஓ.”

“அடுப்புக்காக ஒண்ணும் நீ கடைசியா போடல. அது குதிக்கறத உக்காந்து பாக்கணும். அதானே?”

“போடி. குதிக்கறதப் பாக்க நான் என்ன சின்னக் குழந்தையா?”

“சரி, சரி. போட்டுப் பாரு,” என்றாள். அதற்குள் குழந்தை எழுந்துவிட்டது. வைத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் அணைத்தேன். பெட்டியை முதலில் போட்டேன். கட்டைகள் எழுந்தன, இறங்கின. பிறகு கம்ப்யூட்டர். பிறகு நெற்கதிர். பாட்டு திறந்ததும் நான் எதிர்பார்க்காதது நடந்தது. கட்டைகள் இன்னொரு தடவை கிளம்பின. இந்த முறை ஒன்றாக இல்லை. ஒவ்வொன்றும் தன் தன் இடத்துக்குப் போய் நின்றது. கடைசியாகத் தங்கை எங்கே நிறுத்தி வைத்தாளோ அந்த இடம். அவள் இருந்தபோதும் தினமும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் கண்டதில்லை.

கண்ணாடியைச் சரியாகப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். ‘அ’ கட்டை உச்சிக்குப் பக்கத்தில் நின்றது. ‘த’ கட்டை அடியில், ஒரு விரல் அகலத்துக்கு மேல் எழும்பாமல் கிடந்தது.

பிளாஸ்திரி மாறிவிட்டதோ என்று நினைத்தேன். எழுத்தை இரண்டு தடவை கூட்டிப் படித்தேன். மாறவில்லை. பச்சை நூலை அழுத்தினேன்.

அறை முழுவதும் என் குரல். ஆர்மோனியம் எனக்குப் பின்னால் பதுங்கி வருகிறது. தங்கை எங்கோ தெருக்கோடியில் நின்று பாடுகிற மாதிரி, இருக்கிறாள் என்றால் இருக்கிறாள், இல்லை என்றால் இல்லை. அடி வரிகள் நன்றாகத்தான் இருந்தன. மேலே போகிற இடத்தில் கீறியது. டீச்சர் பொய் சொல்லவில்லை.

எப்போது மாற்றி வைத்தாள் என்று யோசித்தேன். அந்தச் சண்டைக்கும் அவள் கிளம்பியதற்கும் நடுவில் நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரமாக இருக்க வேண்டும். பின்னறைக்கு இருவரும் போகவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் தன்னை இறக்கிக்கொண்டாளா, எனக்காகச் செய்தாளா, இன்றுவரை நான் கேட்கவில்லை. மாற்றியதை அவளும் சொல்லவில்லை. போனில் அவ்வளவு கேள்வி கேட்டவள் அதை மட்டும் சொல்லவில்லை.

எதற்காக நான் துண்டும் அரிசிப் பையுமாக அலைந்தேனோ அது ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. செய்வதற்கு எனக்கு வேலை ஒன்றும் மிச்சம் இல்லை. பாட்டு முடிந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் என் குரல். பால் பாக்கெட்டுக்காரரிடம் பேசுவது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முணுமுணுப்பது, தனியாக ஜெபம் பண்ணுவது என்று இந்த வீட்டில் விடிந்தால் அடைந்தால் அதுதானே கேட்கிறது?

‘த’ கட்டையின் மேல் விரலை வைத்தேன். முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. உள்ளே இருக்கிற மோட்டார் விடமாட்டேன் என்கிறது. பிறகு விட்டுக்கொடுத்தது. திரையிலும் கட்டை ஏறியது. தெருக்கோடியில் இருந்தவள் ஒவ்வொரு வீடாகத் தாண்டி வந்து, வாசல் ஏறி, கூடத்துக்குள் வந்து, எனக்குப் பக்கத்தில் நின்று பாடினாள். அங்கே நிறுத்தினேன். இரண்டு கட்டையும் ஒரே உயரம்.

என்னுடையதை நான் இறக்கவில்லை. கீறினால் கீறட்டும்.

சனிக்கிழமை மைக் செட்காரர் வந்தார். பெட்டி வேலை செய்வதைப் பார்த்து, “அட, பேஜாரு போச்சாம்மா? யாரு வந்து சரி பண்ணது?” என்றார்.

“யாரு வரணும்? நான்தான்.”

பாட்டைக் கேட்டுக்கொண்டே காப்பி எடுத்தார். மேல் ஸ்தாயி வந்தபோது நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரே ஆளு ரெண்டு தபா பாடுனா மாரி கீதும்மா.”

“ரெண்டு பேரு. என் தங்கச்சி. டீச்சர்.”

“அவங்க எங்க?”

“கூடுவாஞ்சேரில,” என்றேன். நாளைக்கு வந்துவிடுவாள் என்கிற மாதிரி குரலை வைத்துச் சொன்னேன்.

பண்டிகை அன்று கோயில் வாசலில் பூசணியும் வாழைத்தாரும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காணிக்கைப் பை சுற்றி வர ஆரம்பித்ததும் தங்கைக்குப் போன் போட்டு, ஒன்றும் சொல்லாமல், மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்த பிறகு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்துதான் காதில் வைத்தேன். வைக்காமல் இருந்தாள்.

“அக்கா, என்னைய ஏத்திட்டியா?”

“கொஞ்சம்.”

“கொஞ்சமா அது?” என்றாள். பிறகு, “நல்லா இருந்துச்சு,” என்றாள். என் குரலா, அவள் குரலா, எது என்று சொல்லவில்லை.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கேட்டு, அவள் குழந்தையைச் சொல்லி, நான் சரி என்று சொல்லி, அது எதற்கு? பக்கத்தில் காணிக்கையாக வந்த காய்கறியை ஏலம் விட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பூசணிக்குப் பெரிய போட்டி நடந்துகொண்டிருந்தது.

“பொட்டி இன்னும் சரியா இல்லடி,” என்றேன்.

“இப்ப பாட்டு வந்துச்சே?”

“வந்துச்சு. ஆனா அந்த ‘வா’ கட்ட பாதியில நின்னுடுது. மேல போவ மாட்டுது.”

பூசணி யாருக்கோ ஏலம் போய், எல்லாரும் கை தட்டினார்கள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

“எத முதல்ல போட்ட?” என்றாள்.

அவள் இன்னும் வரவில்லை. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு பார்க்கலாம் என்று தம்பி மகன் சொல்வதாகச் சொன்னாள். ஆனால் சாயங்காலப் போன் இப்போது சீக்கிரம் முடிவதில்லை. ஒரு நாள் ‘தா’ கட்டை நடுங்குகிறது என்பேன். இன்னொரு நாள் சிவப்பு நூலை அழுத்தினால் நிற்கவில்லை என்பேன். அவள் ஒயரில் இருந்து ஆரம்பிப்பாள். எந்த ஓட்டை, எந்த விளக்கு, எது முதலில். நான் பின்னறையில் பெட்டி முன்னால் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்வேன். நடுவில் விமானம் போனால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட இடத்தில் இருந்து ஆரம்பிப்போம். கட்டைகள் எல்லாம் ஒழுங்காக எழுந்து, ஒழுங்காக இறங்கி, தங்கள் இடத்தில் போய் நிற்கும். “ம்ஹூம், இன்னும் அப்டியேதான் கீது,” என்பேன்.

அவள் நம்புகிறாளா என்று தெரியவில்லை. கேள்வியை மட்டும் ஒன்றுவிடாமல் கேட்கிறாள்.